ஒரு டாலர் கட்ட வந்தவர்

எங்கள் கல்லூரியில் பணம் கட்டும் ஜன்னலும் கல்வி உதவி ஜன்னலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கட்ட வருகிறவர்கள் பேசாமல் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். வாங்க வருகிறவர்கள்தான் பேசுவார்கள். அதனால் எனக்கு என் கல்வி உதவி ஜன்னல்தான் பிடிக்கும்.

நான் கணக்குப் படித்தவள் இல்லை. திருச்சியில் தாவரவியல் முடித்துவிட்டு, கணவர் வேலைக்காக நியூ ஜெர்சியின் பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மென்ட்டுக்கு வந்து சேர்ந்தவள். மகன் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும், பிஸ்கட்டவே ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கல்லூரியில் ஃபைல் அடுக்கும் பகுதிநேர வேலை கிடைத்தது. அங்கே கிடந்த விதிப் புத்தகத்தை மதியம் தயிர்சாதத்தோடு சேர்த்துப் படித்தேன். புத்தகத்தில் புரியாததை, ஜன்னலுக்கு வந்தவர்கள் கேட்ட கேள்விகள் புரியவைத்தன. இன்றைக்கு நியூ ஜெர்சியில் பாதித் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் 'லோன் ஆன்ட்டி'. பட்டம் கொடுத்தது யார் என்று தெரியாது. நான் மறுக்கவும் இல்லை.

கடனைப் பற்றி மனிதர்கள் பேசுவது போல வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. அரசாங்கம் தரும் கல்விக் கடனில் ஒரு கட்டணம் உண்டு. கடன் தொகையிலிருந்தே அதை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியைத்தான் கல்லூரிக்கு அனுப்புவார்கள். மாணவர் தன் பெயரில் வாங்கினால் நூறு டாலருக்கு ஒரு டாலர் சொச்சம். பெற்றோர் வாங்கினால் நாலு டாலர் சொச்சம். திருப்பிக் கட்டும்போது மட்டும் முழு நூறையும் கட்ட வேண்டும். இதைக் கேட்ட ஒரு மாம்பலம் மாமி, "பொண்ணைப் பார்க்கறதுக்கு முன்னாடியே புரோக்கர் கமிஷனா?" என்றார். பேருந்து ஓட்டும் ஒரு டொமினிக்கன் அம்மா, ரொட்டியை ஒரு கடி கடித்துவிட்டுத் தருகிறார்கள் என்றார். இப்படி நான் கேட்டுச் சேர்த்துவைத்திருப்பது நிறைய. ஆனால் அந்த ஜனவரியில் வந்தவர் சொன்னது போல அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை.

வகுப்புகள் தொடங்கிய வாரம். பக்கத்து ஜன்னல்காரர் நடுக் கண்ணாடியைத் தட்டி, "இவர் ஒரு டாலர் கட்ட வந்திருக்கிறாராம். நீயே கேள்," என்று ஒருவரை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஐம்பதை ஒட்டிய வயது. கழுத்துவரை மூடிய கறுப்பு ஜாக்கெட். கையில் ஒரு வெள்ளைக் கவர், அதன் நாலு மூலையிலும் மஞ்சள். பின்னால் கல்லூரி ஹூடியில் அவர் மகள், முகம் முழுக்க ஃபோனில்.

என் பெயர்ப் பலகையைப் பார்த்துவிட்டு, "தமிழுங்களா?" என்றார்.

"ஆமாங்க, சொல்லுங்க."

"மவளோட ஸ்ப்ரிங் செமஸ்டர் ஃபீஸுங்க. பூராவும் லோன்ல வந்துருச்சு. ஒரே ஒரு டாலர் பாக்கி. அதை நான் கையில கட்டோணும். அந்தப் பக்கம் இருக்கறவரு என்னமோ ஆயிரங்கறாரு."

"ஒரு டாலர் மட்டும் எப்படிங்க பாக்கி வந்துச்சு?"

"நாந்தானுங்க கொறைச்சுக் கேட்டேன்." சொல்லும்போதே ஒரு சின்னப் பெருமை. "விசேஷத்துல மொய் வெக்கறப்ப நூத்தியொண்ணு, ஐநூத்தியொண்ணுன்னு ஒண்ணு கூட்டி வெக்கறமில்லீங்களா, வளரட்டும்னு? கடன் வளரக் கூடாதுங்க, தேயோணும். அதனால பில்லுல ஒரு டாலரைக் கொறைச்சுத்தான் லோன் கேட்டேன். அந்த ஒண்ணு எங்க வீட்டுக் காசா இருக்கட்டும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. பிடித்துப்போனது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் திரையில் அவள் கணக்கு வந்துவிட்டது. பாக்கி ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேலே. அதற்குக் கீழே சிவப்பில் 'ஹோல்ட்'. அதாவது பாக்கி தீரும்வரை மாணவியின் பதிவு எதுவும் நகராது.

மகள் அப்போதுதான் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஆன்ட்டி, இஃப் தட் ஹோல்ட் இஸ் ஸ்டில் தேர் ஆன் ஃப்ரைடே, ஐ லூஸ் மை கிளினிக்கல்."

அவள் இரண்டாம் வருட நர்ஸிங். குழந்தைகள் வார்டில் பயிற்சி எடுக்க ஒரு மருத்துவமனையில் இடம் கிடைத்திருந்தது. அங்கே எடுப்பதே விரல்விட்டு எண்ணும் அளவு பேரைத்தான். வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் பதிவு உறுதியாகாவிட்டால் இடம் வரிசையில் அடுத்தவளுக்குப் போய்விடும். இவளுக்கு இனி அடுத்த வருடம்தான். படிப்பும் ஒரு வருடம் நீளும்.

"அதெல்லாம் போகாது கண்ணு," என்றார் அப்பா. "ஒரு டாலர்தான்."

நான் கட்டணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்ட தொகையிலிருந்து நூற்றுக்கு நாலு சொச்சம் எடுத்துக்கொண்டுதான் மீதி இங்கே வந்திருக்கிறது என்றேன். அவர் கவரைக் கவுன்ட்டர் மேல் வைத்தார்.

"எங்கூர்ல பைனான்ஸ்காரன் முன்வட்டி புடிப்பானுங்க. பத்தாயிரம்னு எழுதிட்டு ஒம்பதாயிரம் கையில குடுப்பான். நாமக்கல்காரனுக்கு அது தெரியாதுங்களா? கவர்மெண்டும் புடிக்கும்னு யாருங்க நெனைப்பா? அதுவும் இந்த கவர்மெண்டு."

"அப்ளை பண்ணும்போது அதுல இருந்துச்சுங்க. ஓகே குடுத்திருக்கீங்க."

"ஓகே குடுக்காத பேப்பர் எதுங்க இந்த ஊர்ல இருக்கு?"

அவர் வீட்டுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"கட்டிட்டீங்களா?" என்றது மனைவியின் குரல். பின்னணியில் சிறு குழந்தைகளின் கூச்சல். அவர் ஒரு டேகேரில் அரைநாள் வேலை பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது.

"இல்ல. ஆயிரம் கொறையுதாமா."

"ஒண்ணு கொறைக்கறேன்னு போயி ஆயிரத்தைக் கொறைச்சுப்போட்டு வந்து நிக்கறீங்களா?"

"நானா கொறைச்சேன்? கவர்மெண்டு கொறைச்சுது."

"நீங்க வழியக் காட்டுனீங்க, அவங்க பின்னாலயே வந்துட்டாங்க."

மகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. அப்புறம் அந்தக் குரல் தணிந்தது. "கார்டுல போட்டுடலாங்களா?"

"எந்தக் கார்டுல?"

அவர் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஃபோனைக் காதில் வைத்தார். "சரி, பாத்துட்டுக் கூப்புடறேன்," என்று வைத்துவிட்டார். மகளைக் காபி வாங்கி வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ஜன்னலுக்குள் கொஞ்சம் குனிந்தார்.

"எனக்கு நவம்பர்ல வேலை போயிருச்சுங்க. பார்மா கம்பெனி. டிவிஷனையே மூடிட்டாங்க. செப்டம்பர் ஃபீஸெல்லாம் கையில இருந்துதான் கட்டினேன். சர்க்கிள்ல யாருக்கும் சொல்லலை. கேட்டாக் குடுப்பாங்க. குடுத்துப்போட்டு, பாக்கறப்பெல்லாம் 'என்னாச்சு, என்னாச்சு'ம்பாங்க. அந்த வட்டிதானுங்க பெரிய வட்டி."

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம். இதே லோன்லயே இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேக்கலாம், அப்ரூவல் இருக்கு. வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி முடிஞ்சிடும்," என்றேன். ஜன்னலில் இப்படி வாக்குக் கொடுக்காதே என்று என் சகாக்கள் எப்போதும் சொல்வார்கள். முடியும் என்று தெரிந்ததை முடியும் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் வருவதில்லை.

அப்புறம்தான் அவள் பட்ஜெட்டைத் திறந்தேன். அங்கே ஒரு இருநூறு டாலருக்குத்தான் இடம் இருந்தது.

பட்ஜெட் என்றால் இதுதான். ஒவ்வொரு மாணவருக்கும் அந்தப் பருவத்துக்குப் படிப்புக் கட்டணம், புத்தகம், சாப்பாடு, போக்குவரத்து, கடன் கட்டணம் என்று எல்லாவற்றையும் கூட்டி எங்கள் ஆபீஸ் ஒரு மொத்தம் போடும். நான் வருகிறவர்களிடம் அதைப் படி என்பேன், அரிசி அளக்கும் படி. கடனோ உதவித்தொகையோ எல்லாம் அந்தப் படிக்குள் அடங்க வேண்டும். படி நிரம்பிவிட்டால், மேலே ஒரு பிடி கூட வாங்க விதி விடாது. இவள் படியில் அப்பாவின் கடன் இருந்தது. அவள் தன் பெயரில் வாங்கிய கடன் இருந்தது. மருத்துவமனைக்குப் பஸ் கிடையாது என்பதால் அது ஒரு பழைய காருக்கும் அதன் இன்ஷூரன்ஸுக்கும் போய்விட்டது. விளிம்பில் மிச்சம் இருந்த இடத்தில் பெரும்பகுதியைத் தமிழ்ச் சங்கத்தின் உதவித்தொகை நிரப்பியிருந்தது.

அதைச் சொன்னதும் அவர் நிமிர்ந்தார். "தீபாவளி விழாவுல மேடைக்குக் கூப்பிட்டு சால்வை போத்திக் குடுத்தாங்க. அதுவுமாங்க குறுக்க நிக்குது?"

"சால்வை நிக்கலைங்க. செக்தான் நிக்குது."

"திருப்பிக் குடுத்தரலாங்களா?"

"அது யூனிஃபார்முக்கும் ஸ்டெதஸ்கோப்புக்கும் போயிருக்குமேங்க?"

திரும்பி வந்திருந்த மகள் தலையாட்டினாள். கையில் காபி ஒன்றுதான் இருந்தது. அதையும் அப்பாவிடம் கொடுத்தாள்.

நான் படியை இன்னொரு முறை வரி வரியாகப் பார்த்தேன். கடன் கட்டணம் என்ற வரியில் ஒரு சின்னத் தொகை. அவரிடமிருந்து உண்மையில் பிடித்ததில் அது எட்டில் ஒரு பங்கு கூட வராது. அந்தத் தொகை எனக்குப் பழக்கமானதுதான். எல்லாப் பெற்றோர் கடனுக்கும் அதே தொகைதான் போட்டிருப்போம். அதற்கும் ஒரு கதை உண்டு.

முன்பெல்லாம் ஒவ்வொரு அக்டோபரிலும் இந்தக் கட்டண விகிதம் ஏறும் அல்லது இறங்கும். நூலளவுதான். ஆனால் அந்த நூலளவுக்காக, கடன் வாங்கிய ஒவ்வொரு வீட்டின் பட்ஜெட்டையும் திறந்து அந்த ஒரு வரியை மாற்ற வேண்டும். செப்டம்பரில் முதல் பணம் வந்த கடனுக்கு ஒரு விகிதம், அக்டோபர் தாண்டி வந்ததற்கு வேறு விகிதம். வரி மாறினால் மொத்தம் மாறும். மொத்தம் மாறினால் யாருக்கு எவ்வளவு இடம் என்பதும் மாறும். அக்டோபர் வந்தாலே ஆபீஸில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேச மாட்டோம். அலுத்துப்போய் ஒரு வருடம், எல்லோருக்கும் ஒரே சராசரியைப் போட்டுவிடுவோம் என்று முடிவாயிற்று. விதியும் அதற்கு இடம் தருகிறது. உண்மையான தொகையையும் போடலாம், சராசரியையும் போடலாம். எங்கள் பெற்றோர்களில் பெரும்பாலோர் சிறு தொகைதான் கடன் வாங்குகிறார்கள், அதனால் சராசரியும் சிறியது. பிறகு விகிதம் சில வருடங்களாக அசையவே இல்லை. சராசரியை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பருவத்தின் முழு பில்லையும் கடனில் கட்டும் வீடு வரும்வரை அது யாரையும் உறுத்தவும் இல்லை.

"உக்காருங்க, உள்ள போய்ப் பேசிட்டு வந்துடறேன்," என்று எழுந்தேன்.

எங்கள் ஆபீஸ் டைரக்டர் உயரமான பெண்மணி. எந்த நேரமும் மேஜையில் ஆறிப்போன தேநீர் இருக்கும். ஆறாமல் இருந்து நான் பார்த்ததில்லை. நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"ஒரு எண்ணைத் தொட்டால் எல்லா எண்ணும் திரும்பிப் பார்க்கும்," என்றார். அவருடைய சொந்த வாசகம் அது, ஆபீஸில் எல்லோருக்கும் மனப்பாடம். "அவருக்கு மட்டும் மாற்ற முடியாது. உனக்கே தெரியும்."

"அவருக்கு மட்டும் கேட்கவில்லை. இந்தப் பருவத்தில் சராசரியைவிட அதிகமாகப் பிடிபட்ட எல்லாப் பெற்றோருக்கும் உண்மையான தொகையைப் போட்டுவிடுவோம்."

"பட்ஜெட் மொத்தம் பெரிதாகிவிடும். கல்லூரி விலையை ஏற்றிவிட்டது என்பார்கள். அட்மிஷன் ஆபீஸ் என் கதவில் வந்து நிற்கும்."

அவர் சொன்னது நியாயம். எங்கள் மொத்தத்தைப் பக்கத்துக் கல்லூரி மொத்தத்தோடு வைத்துப் பார்த்துத்தான் ஜனங்கள் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். அந்த எண் வீங்கினால், எதனால் வீங்கியது என்று யாரும் நின்று கேட்பதில்லை.

"விலை ஏறவில்லையே," என்றேன். "அவர்கள் அதை ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். நாம் காட்டாமல் இருந்தோம், அவ்வளவுதான்."

அவர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்து, முகம் சுளித்து வைத்தார். "எத்தனை வீடு?"

"மதியத்துக்குள் சொல்கிறேன்."

மதியத்துக்குள் சொன்னேன். எல்லோரையும் ஒரே மினி வேனில் ஏற்றிவிடலாம், அவ்வளவுதான் ஆட்கள். டைரக்டர் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு இடங்களில் நிறுத்தி, இவர்கள் போன பருவமே என்னிடம் வந்து திரும்பிப் போனார்களே என்றார். பட்டியலை என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"மாற்று. எல்லோருக்கும். இனிமேல் பெரிய தொகை கேட்கும் பெற்றோருக்கு முதலிலேயே உண்மைத் தொகை. ஆனால் மெயில் போவதற்கு முன்னால் ஒவ்வொருவரையும் நீயே கூப்பிட்டுச் சொல். திட்டு வாங்குவதும் நீதான்."

வாங்கினேன். எடிசன் ஊரில் ஒரு அம்மா நான் பேசி முடிக்கவே விடவில்லை. "விலையையும் ஏத்திட்டு, ஏத்திட்டோம்னு ஃபோன் வேற பண்றீங்களே, இந்தத் தைரியம் எங்களுக்கு வராது," என்றார். அவரும் தமிழ்தான். இரண்டாம் முறை விளக்கியதும், "அப்போ இது எங்க காசு எங்க போச்சுன்னு சொல்ற ஃபோனா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்படின்னா வாரா வாரம் பண்ணுங்க."

புதன்கிழமை நாமக்கல்காரர் மகளோடு மறுபடி வந்தார். படி பெரிதாகிவிட்டது, இனி கூட்டிக் கேட்கலாம் என்று சொன்னேன். ஜன்னல் ஓரத்துக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். மகள் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"ஒரு விஷயங்க," என்றேன். "பாக்கி எவ்வளவோ அவ்வளவே கேட்டா மறுபடி குறையும்."

அவர் விரல் கீபோர்டில் அப்படியே நின்றது. "இதுக்குமா புடிப்பாங்க?"

"இதுக்கும்."

"முன்வட்டிக்கு முன்வட்டி." கையை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "எங்கூரு பைனான்ஸ்காரன் கூட இதை யோசிச்சிருக்க மாட்டானுங்க. நல்லவேளை, அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது."

ஃபோனில் கால்குலேட்டரைத் திறந்தார். இந்த இடத்தில் நிறையப் பேர் பாக்கியின் மேல் நாலு சொச்சம் சதவீதத்தைக் கூட்டிப் போடுவார்கள். அப்போதும் ஒன்றிரண்டு டாலர் உதைக்கும். இவர் லேப்பில் மருந்துக் கலவைகளோடு காலம் தள்ளியவர். பிடித்தது போக மீதி எவ்வளவு வர வேண்டும் என்று பின்னாலிருந்து வகுத்து வந்தார். சரியான எண். அதை அடித்துவிட்டு, கடைசி இலக்கத்தின் மேல் கர்சரை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"அப்பா. டோன்ட்," என்றாள் மகள்.

"இல்ல கண்ணு, நான் ஒண்ணும்..."

"ஐ நோ வாட் யு ஆர் திங்கிங். அம்மா வில் கில் யு."

அவர் எண்ணைக் குறைக்காமல் அடுத்த ஐந்து டாலருக்கு ஏற்றி அனுப்பினார். அனுப்பிவிட்டு, "வளர்ந்தாலும் பரவாயில்ல, நீ வளர்ந்து கட்டுவே," என்றார். அவள் நாற்காலிக்குப் பின்னாலிருந்து அவர் தோளில் தாடையை வைத்துக்கொண்டாள். 'வளர்ந்து' என்றதன் கணக்கு அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ, தெரியாது. புரிந்தது போலத்தான் இருந்தது.

வியாழக்கிழமை கூடுதல் தொகைக்கு ஒப்புதல் வந்தது. பணம் வர இன்னும் சில நாட்கள் ஆகும். ஆனால் 'வரவிருக்கிறது' என்று கணக்கில் ஏறிவிட்டால் போதும், ஹோல்டை எடுத்துவிடலாம். நான் அதோடு வீட்டுக்குப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை நான் கோட்டைக் கழற்றும் முன்பே அவள் ஜன்னலில் நின்றாள். ஃபோனை நீட்டினாள். சிவப்பு அப்படியே இருந்தது. "தே க்ளோஸ் த லிஸ்ட் அட் நூன், ஆன்ட்டி." குரல் கெட்டியாக இருந்தது, கண்தான் இல்லை.

பக்கத்து ஜன்னலுக்குப் போனேன். அங்கிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். சிஸ்டம் வார இறுதியில் தானாகவே எடுத்துவிடும், திங்கட்கிழமை பார்த்தால் இருக்காது என்றார்.

"திங்கட்கிழமை அவள் இடமும் இருக்காது," என்றேன். "கணக்கில் ஏறியிருக்கிறது. கையால் எடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. நான் இங்கேயே நிற்கிறேன்."

"நிற்பாய் என்று தெரியும்," என்று அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். வரவிருக்கும் தொகையையும் பாக்கியையும் திரையில் விரல் வைத்து ஒப்பிட்டார். இரண்டு தடவை தட்டினார். "இப்போது பார்க்கச் சொல்."

அவள் திரையைக் கீழே இழுத்து விட்டாள். சிவப்பு போயிருந்தது. அங்கேயே நின்றபடி நர்ஸிங் ஆபீஸுக்குப் பதிவை அனுப்பினாள். உறுதி என்று பதில் வரும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது. குழந்தைகள் வார்டு, திங்கட்கிழமை முதல்.

அவள் மூச்சை விட்டாள். அப்புறம், அவள் வாயிலிருந்து நான் கேட்ட முதல் தமிழில், "அப்பாகிட்ட நீங்க சொல்லுங்க ஆன்ட்டி. நான் சொன்னா, சும்மா சொல்றேன்னு நினைப்பார்," என்றாள்.

கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஹோல்ட் போயிருச்சுங்க. இடம் உறுதி."

"சரிங்க. சரிங்க. திங்கக்கெழமை எத்தன மணிக்கு அங்க இருக்கோணுமாம்?"

அவளைக் கேட்டேன். ஏழு மணி என்றாள்.

"அப்ப அஞ்சு மணிக்கு நான் காரைச் சூடு பண்ணி வெச்சுடறேன். கண்ணாடியெல்லாம் பனி புடிச்சுக் கெடக்கும், அவளுக்குச் சொரண்டத் தெரியாது."

ஃபோனுக்கு வெளியே கேட்டுக்கொண்டிருந்தவள், "ஆன்ட்டி, இட்ஸ் ட்வென்ட்டி மினிட்ஸ் அவே. ஆறரைக்குக் கிளம்பினா போதும்னு சொல்லுங்க," என்றாள்.

சொல்லத்தான் பார்த்தேன். அவர் வைத்துவிட்டிருந்தார்.